பூத்து முடிந்த கிழங்கை என்ன செய்வது?

டிசம்பர் நெருங்கினால் லண்டன், ஆம்ஸ்டர்டாம், டொரன்டோ போன்ற ஊர்களின் பல்பொருள் அங்காடிகளில் நுழைவாயிலிலேயே அட்டைப் பெட்டிகளை அடுக்கிவிடுவார்கள். பெட்டிக்குள் பெரிய பம்பாய் வெங்காயத்தையும் மிஞ்சும் ஒரு கிழங்கு, ஒரு பிளாஸ்டிக் தொட்டி, தண்ணீர் ஊற்றினால் உப்பிவரும் தேங்காய் நார்த்தூள் வில்லை. அட்டையில் உள்ளங்கையை விடப் பெரிய சிவப்புப் பூவின் படம். அமரில்லிஸ் என்று கடைகளில் விற்கப்படும் இந்தச் செடியின் தாவரவியல் பெயர் ஹிப்பியாஸ்ட்ரம். பிரேசில், பெரு, பொலிவியா பக்கத்து இனங்களிலிருந்து உருவானது. வெளியே பனி கொட்டும் காலத்தில், நட்ட ஆறு முதல் எட்டு வாரங்களில் வீட்டுக்குள் பூத்துவிடும். தோட்டமே இல்லாதவர்களும், ஒரு துளசிச் செடியைக்கூட வைத்துப் பழகாதவர்களும் இதில் தோற்பதில்லை. அந்த வெற்றி எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால்தான் இந்த வழக்கத்தின் நல்லதும் கெட்டதும் பிடிபடும்.

ஹிப்பியாஸ்ட்ரக் கிழங்கு ஒன்றை நெடுக்காக அறுத்துப் பாருங்கள். அடியில் கெட்டியான ஒரு தட்டு. வேர்கள் அதிலிருந்துதான் இறங்குகின்றன. அதன்மேல் வெங்காயத்தில் உள்ளதுபோல் அடுக்கடுக்காகச் சதைப்பற்றான மடல்கள். ஒவ்வொரு மடலும் ஒரு காலத்தில் பச்சையாக நின்ற இலையின் அடிப்பாகம். ஏறக்குறைய நான்கு இலைக்கு ஒன்று என்ற கணக்கில் மடல்களுக்கு இடையே மொட்டுகள் ஒடுங்கியிருக்கும். வெளிப்பக்கம் இருப்பது விரல்நுனி போலத் தட்டையாக, வெளிர்மஞ்சளாக, எழத் தயாராக இருக்கும். உள்ளே போகப்போக மொட்டு சிறுத்து, நடுவில் கண்ணுக்கே தெரியாத அளவுக்குக் குறுகிவிடும். அடுத்த ஆண்டுக்கும் அதற்கடுத்த ஆண்டுக்குமான மொட்டுகள் அவை. இந்தக் குளிர்காலத்தில் விரியும் பூ ஓராண்டுக்கும் முன்பே உருவாகி முடிந்துவிட்டது. கிழங்கு விற்பனை அளவுக்குப் பருக்க இரண்டு மூன்று ஆண்டுகள் பிடிக்கும். அத்தனை காலமும் நெதர்லாந்தின் கண்ணாடிக் கூடத்திலோ தென்னாப்பிரிக்காவின் பண்ணையிலோ யாரோ அதன் இலைகளைப் பேணி வளர்த்திருக்கிறார்கள். வாங்கியவர் தண்ணீரும் வெதுவெதுப்பும் கொடுத்து எழுப்பிவிடுகிறார், அவ்வளவுதான்.

இதைக் குறையாக நான் சொல்லவில்லை. வீட்டுக்குள் கிழங்குச் செடி வளர்ப்பதன் முதல் பெருமையே இதுதான். ரோஜாவோ மல்லிகையோ வாங்கிவந்தால் வெயில், மண், உரம் மூன்றும் சேர்ந்து கைகொடுக்க வேண்டும். இங்கே தேவையான சோறு முழுவதும் கிழங்குக்குள்ளேயே இருக்கிறது. கிழங்கைவிட இரண்டு மூன்று சென்டிமீட்டர் மட்டும் அகலமான தொட்டி போதும். மேல்பாதி மண்ணுக்கு வெளியே தெரிய நட வேண்டும். மொட்டு நுனி எட்டிப் பார்க்கும்வரை தண்ணீரை ஒதுக்கி ஒதுக்கி ஊற்ற வேண்டும். கழுத்தில் தண்ணீர் தேங்கக் கூடாது. இதில் தோற்கிறவர்கள் பெரும்பாலும் அன்பு மிகுந்து தண்ணீரை ஊற்றி அழுகவிட்டவர்களே. பெட்டியோடு வரும் தொட்டிகள் சிலவற்றில் அடியில் ஓட்டை இருப்பதில்லை. நார்த்தூளோ நீரை விடாமல் பிடித்துவைக்கும். இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் உலகெங்கும் போகிற அருமையான சரக்கு அது. ஓட்டையில்லாத தொட்டியில் போட்டால் அதுவே கிழங்குக்குக் குழி வெட்டிவிடும்.

தண்டு கிளம்பிய பிறகு அது உயர்வதை நாளுக்கு நாள் கண்ணால் அளக்கலாம். மாலை நான்கரைக்கே இருட்டிவிடும் ஊரில், மாதக்கணக்கில் பச்சையே பார்க்காமல் வீட்டுக்குள் அடைந்து கிடக்கும் முதியவருக்கு அது எவ்வளவு பெரிய துணை என்பது அங்கே வாழ்ந்தவர்களுக்குத் தெரியும். ஒரு தண்டில் பெரும்பாலும் நான்கு பூ. நல்ல கிழங்கு இரண்டு தண்டு விடும். அலங்காரம் என்ற ஒரே சொல்லில் இதை ஒதுக்கிவிடும் விமர்சனத்தை என்னால் ஏற்க முடியாது.

இந்த வழக்கத்துக்குப் பின்னால் இருக்கும் அறிவும் மதிப்புக்குரியது. ஹிப்பியாஸ்ட்ரத்தின் முதல் கலப்பினத்தை 1799இல் உருவாக்கியவர் இங்கிலாந்தின் லங்காஷயரில் பிரெஸ்காட் என்ற ஊரில் கடிகாரம் செய்துவந்த ஆர்தர் ஜான்சன். ஹயசிந்த் பூவுக்கு 18ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் தனிக் குவளையே பிறந்தது: கழுத்து குறுகி வாய் அகன்ற அந்தக் கண்ணாடிக் குவளையில் கிழங்கு மேலே உட்கார்ந்திருக்க, வேர் மட்டும் நீருக்குள் இறங்கும். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நெதர்லாந்தின் நிகோலாஸ் டாமஸ், கிழங்குகளை முன்கூட்டியே தோண்டியெடுத்துச் சூட்டில் வைத்து, ஹயசிந்தைக் கிறிஸ்துமஸுக்கே பூக்கவைக்கும் வழியைக் கண்டார். பின்னர் அதே நாட்டின் வாகனிங்கனில் ஆய்வு செய்த பிளாவ், கிழங்குக்குள் இலையும் பூவும் எந்தெந்த வெப்பநிலையில் உருவாகின்றன என்பதை வரிசைப்படுத்தினார். இன்று குளிர்கிடங்குக்காரர்கள் தெர்மாமீட்டரை வைத்துக்கொண்டே பூக்கும் வாரத்தைத் தீர்மானிக்கிறார்கள் என்றால், அது இவர்கள் போட்ட பாதை.

குறை எங்கே தொடங்குகிறது? பெட்டியின் பின்பக்கத்துச் செய்முறைக் குறிப்பு பூ விரிந்ததோடு நின்றுவிடும் இடத்தில். அதன்பிறகு என்ன செய்வது என்பது பெரும்பாலும் ஒரு வரிக்கு மேல் போகாது. உண்மையில் பராமரிப்பு என்ற சொல்லுக்குத் தகுதியான வேலை அப்போதுதான் வருகிறது. பூத்து ஓய்ந்த கிழங்கைக் கையால் அழுத்திப் பார்த்தால் தொளதொளவென்றிருக்கும், சுற்றளவும் குறைந்திருக்கும். சேமித்ததையெல்லாம் செலவழித்துவிட்டது. அதை மறுபடி நிரப்பக்கூடியவை இலைகள் மட்டுமே. நான்கு இலைக்கு ஒரு பூந்தண்டு என்ற கணக்கை நினைவில் வைத்தால் இது புரியும்: இந்த ஆண்டு இலை வராத செடி, பின்னால் வரும் ஆண்டின் பூவை இழக்கிறது. வாடிய பூக்களை விதை பிடிக்குமுன் கிள்ளிவிட வேண்டும். பச்சைத் தண்டை மஞ்சளாகும்வரை வெட்டக் கூடாது, அதுவும் உணவு தயாரிக்கிறது. பிறகு வீட்டிலேயே வெளிச்சம் அதிகமான சன்னல். உறைபனி ஓய்ந்ததும் பால்கனியிலோ முற்றத்திலோ கோடை முழுவதும் வெயில், உரம், தண்ணீர். இலையுதிர்காலத்தில் மறுபடி பனி தொடங்குமுன் உள்ளே எடுத்து, தண்ணீரை நிறுத்தி, 10 முதல் 13 டிகிரி செல்சியஸில் எட்டுப் பத்து வாரம் ஓய்வு.

இங்கேதான் அடுக்குமாடி வாழ்க்கை குறுக்கே நிற்கிறது. குளிர்காலம் முழுவதும் 21 டிகிரியில் சூடேற்றிய வீட்டில் 12 டிகிரி மூலையை எங்கே தேடுவது? டொரன்டோவின் ஸ்கார்பரோ பகுதியில் உயரமான அடுக்ககத்தில் வசிக்கும் தமிழ்க் குடும்பத்துக்கு நிலவறையும் இல்லை, கொல்லையும் இல்லை. ஓய்வே கொடுக்காமல் ஆண்டு முழுவதும் பச்சையாக வைத்திருந்தாலும் ஹிப்பியாஸ்ட்ரம் சாகாது. பூ மட்டும் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. சன்னல் வெளிச்சம் போதாவிட்டால் இலைகள் நீண்டு துவண்டு விழும். பல ஆண்டு வைத்திருந்தால் நோய்களும் சேரும். இலையில் மஞ்சள் கீற்றாகத் தெரியும் மொசைக் வைரஸுக்கு மருந்து கிடையாது. ஒரு செடியை வெட்டிய கத்தியால் அடுத்ததை வெட்டினாலே தொற்றிக்கொள்ளும். கிழங்கிலும் தண்டிலும் செந்தழும்பாகப் படரும் பூஞ்சை வேறு இருக்கிறது. ஆகவே, பூத்ததும் குப்பையில் போடுகிறவரைச் சோம்பேறி என்று திட்டுவது நியாயமில்லை. அவரிடம் அந்தப் பொருளை விற்றவர்கள் இந்தக் கணக்கைக் காட்டவே இல்லை என்பதுதான் என் வருத்தம்.

எல்லாக் கிழங்குக்கும் ஒரே நியாயம் பொருந்தாது. ஹிப்பியாஸ்ட்ரத்தின் கிழங்கு ஆண்டுக்காண்டு தொடர்ந்து வாழும். உள்ளிருந்து புதிய மடல் பிறக்க, வெளிமடல் காய்ந்து சருகாகும். டியூலிப் அப்படியல்ல. தாய்க்கிழங்கு ஒவ்வோர் ஆண்டும் தன்னைக் கரைத்துச் சேய்க்கிழங்குகளை விட்டுவிட்டுப் போய்விடும். வீட்டுக்குள் பூத்த டியூலிப்பின் சேய்கள், வெளிச்சம் போதாமையால் பூக்கும் அளவுக்குப் பருப்பதே அரிது. அதைக் காப்பாற்றப் போராடுவதில் பொருளில்லை. பூங்கொத்து வாங்குவதுபோல ஒரு தடவைக்கானது என்று தெரிந்தே வாங்கலாம். அதில் ஏமாற்று எதுவும் இல்லை. கொத்துப்பூவைவிடக் கூடுதல் நாள் நிற்கும், மொட்டிலிருந்து விரிவதைப் பார்க்கும் வாய்ப்பும் கிடைக்கும்.

பேப்பர்ஒயிட் நார்சிஸஸின் கதை வேறு. அதற்குக் குளிர் வேண்டாம். கூழாங்கல்லும் நீரும் போதும். ஆனால் வெளிச்சம் குறைந்த அறையில் தண்டு மளமளவென்று நீண்டு சாய்ந்துவிடும். கார்னெல் பல்கலைக்கழகத்தில் வில்லியம் மில்லர் 2006இல் இதற்கு ஒரு வழி சொன்னார்: வேர்பிடித்த பிறகு நீரில் 4 முதல் 6 சதவீத ஆல்கஹால் கலந்தால் தண்டு மூன்றில் ஒரு பங்கு முதல் பாதிவரை குட்டையாகும், பூ குறையாது. ஆல்கஹால் இருப்பதால் வேர் நீரை உறிஞ்சுவது குறைகிறது, அதனால் தண்டு நீள்வதும் குறைகிறது. அளவு கூடினால் செடி கருகும். சர்க்கரை உள்ள பியரும் வைனும் உதவாது. கெட்டிக்காரத்தனமான உத்திதான், சோதித்துச் சொன்னதும்கூட. இருந்தாலும் அது வெளிச்சக் குறையை மறைக்கிறதே தவிர தீர்ப்பதில்லை. சன்னலோரம் ஒன்று கிடைக்குமானால் அதுவே முதல் மருந்து.

இவற்றையெல்லாம் ஏதோ ஒரு வகையில் ஏற்றுக்கொள்ளலாம். என்னால் ஏற்கவே முடியாதது மெழுகு பூசிய கிழங்கு. சில ஆண்டுகளாகக் கிறிஸ்துமஸ் பரிசாகப் பரவலாக விற்கிறது. சிவப்பு, தங்கம், வெள்ளி நிறங்களில் பளபளக்கும். மண் வேண்டாம், தண்ணீர் வேண்டாம், மேசைமேல் வைத்தால் போதும் என்று விளம்பரம். அந்த மெழுகை உரித்துப் பார்க்க வேண்டும். வேர்களை ஒட்ட வெட்டியிருப்பார்கள். பலவற்றில் வேர் பிறக்கும் அடித்தட்டையும் சீவிவிட்டு, நேராக நிற்பதற்காகச் சுருள்கம்பி ஒன்றைக் குத்தியிருப்பார்கள். கிழங்குக்குள் இருக்கும் ஈரத்தையும் உணவையும் உறிஞ்சிக்கொண்டு பூ மேலே வரும். வந்ததும் கிழங்கின் ஆயுள் முடியும். பத்து இருபது ஆண்டு வாழக்கூடிய ஓர் உயிரை, விற்கும்போதே மறுபடி வேர்விட முடியாமல் ஆக்கிவிடுகிறார்கள். தண்ணீர் ஊற்றும் சிரமம்கூட வேண்டாம் என்பது அதன் சிறப்பாம். கிழங்குச் செடியிடம் நாம் செய்ய எஞ்சியிருந்த ஒரே வேலை அதுதான்; அதையும் பறித்த பிறகு அங்கே வளர்ப்பு எதுவும் மிஞ்சவில்லை. அடித்தட்டு சேதமாகாத கிழங்கு தப்பித்தவறிக் கிடைத்தால், பூத்தவுடன் மெழுகை உரித்து மண்ணில் நடுங்கள், பிழைக்க வாய்ப்புண்டு.

நச்சைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஹிப்பியாஸ்ட்ரம், நார்சிஸஸ் கிழங்குகளில் லைகோரின் என்ற நச்சு இருக்கிறது. வெங்காயம் என்று நினைத்து யாராவது சமைத்துவிட்டால் வாந்தி நிற்காது. சமையலறையில், வெங்காயக் கூடைக்குப் பக்கத்தில் வைக்கவே கூடாது. பூனை வளர்ப்பவர்கள் லில்லிகளை வீட்டுக்குள் கொண்டுவரவே வேண்டாம். மகரந்தத்தை நக்கினாலே பூனைக்குச் சிறுநீரகம் செயலிழக்கும்.

வீட்டுக்குள் கிழங்கைப் பூக்கவைக்கும் இந்த மோகம் இப்போது நம்மூர்ச் சமவெளிக்கும் வந்துவிட்டது. சென்னைக்கும் மதுரைக்கும் டியூலிப் கிழங்குகள் கூரியரில் வருகின்றன. ஸ்ரீநகரில் 2007இல் திறக்கப்பட்ட டியூலிப் தோட்டத்தின் படங்களைப் பார்த்து ஆசை வருவது இயல்பே. ஆனால் அங்கே மலையின் குளிர்காலம் இலவசமாகச் செய்யும் வேலையை இங்கே ஃபிரிட்ஜ் செய்ய வேண்டும்: 12 முதல் 16 வாரம், அதுவும் பழங்கள் இல்லாத ஃபிரிட்ஜில். ஆப்பிளும் வாழையும் வெளியிடும் எத்திலீன் வாயு, உள்ளிருக்கும் மொட்டைக் கருக்கிவிடும். அத்தனையும் கடந்து 30 டிகிரி அறைக்குள் வந்தால் தண்டு எழாமலே குட்டையாகப் பூத்து, விரிந்த வேகத்தில் உதிரும். குளிர்நாட்டில் குறை நிறை இரண்டும் கொண்ட வழக்கம், இங்கே நிறையை இழந்துவிட்டு வந்து நிற்கிறது.

ஹிப்பியாஸ்ட்ரம் அப்படியல்ல, நம் வீட்டு முற்றங்களில் சிவப்பு லில்லி என்று நெடுங்காலமாக இருப்பது அதன் உறவுதான். தென்னை மரத்தடியில் யாரும் கவனிக்காமல் கிடந்து, கோடையின் முதல் மழைக்குத் தண்டு நீட்டும். சமவெளியில் அதை அறைக்குள் கொண்டுவர வேண்டிய கட்டாயம் இல்லை. காலை வெயில் படும் பால்கனி போதும். குளிருக்குப் பதிலாக வறட்சியால் ஓய்வு கொடுக்கலாம். மழைக்காலம் முடிந்ததும் தொட்டியை மழைச்சாரலும் படாத இடத்துக்கு நகர்த்தி, ஏழெட்டு வாரம் தண்ணீரை அறவே நிறுத்துங்கள். இலை பழுத்தால் பழுக்கட்டும், பிடுங்க வேண்டாம். வெயில் ஏறத் தொடங்கும்போது மேல்மண்ணை மட்டும் மாற்றி, ஒரு முறை நன்றாக நனையும்படி ஊற்றிவிட்டு, நுனி தெரியும்வரை பொறுங்கள். பூ முடிந்த பிறகு வரும் இலைகளுக்கு, பூவுக்குக் கொடுத்த அதே கவனத்தைக் கொடுங்கள்.