துருவக் கணக்கு

கென்னத் வால்ட்ஸ் 1979இல் எழுதிய சர்வதேச அரசியல் கோட்பாட்டு நூலைத் திரும்ப வாசிக்கையில் உறுத்துவது அதன் எண்ணும் பழக்கம்தான். வல்லரசுகள் எத்தனை? விடை இரண்டு என்றால் உலகம் ஸ்திரமாக இருக்கும். சரி, யாருக்கு ஸ்திரம்? அமெரிக்காவும் சோவியத்தும் நேருக்கு நேர் மோதிக்கொள்ளவில்லை, வாஸ்தவம். கொரியாவிலும் வியட்நாமிலும் லட்சக்கணக்கில் செத்தும் அந்த ஸ்திரத்துக்கு ஒரு கீறலும் விழவில்லை. மலேசியாவையும் கோஸ்டாரிகாவையும் அடிப்படையாக வைத்துக் கோட்பாடு கட்டுவது கேலிக்கூத்து என்று ஓரிடத்தில் சொல்லிவிட்டுப் போகிறார். (பிரதி தன்னை மறந்து உண்மை பேசுகிற இடம் இது.)

ஆனால் 1975 நவம்பரில் கியூபா அங்கோலாவுக்குப் படை அனுப்பியபோது மாஸ்கோவைக் கேட்டுக்கொண்டு அனுப்பவில்லை. பின்னால் திறக்கப்பட்ட ஆவணங்கள் இதைத்தான் காட்டுகின்றன. சோவியத் விமானங்கள் உதவிக்கு வந்ததே 1976 ஜனவரியில். ஏவிவிட்ட கைப்பாவை என்று கருதப்பட்ட சின்னத் தீவு, ஒரு துருவத்தையே தன் பின்னால் இழுத்துக்கொண்டு போயிருக்கிறது. துருவங்களை மட்டும் எண்ணுகிறவனுக்கு இது எப்படித் தெரியும்?

1991க்குப் பிறகு ஒற்றைத் துருவம் என்றார்கள். இப்போது பன்துருவம் என்கிறார்கள். அதே கணக்கு நோட்டுதான். அங்கோலாவில் சண்டை ஓய 2002 ஆயிற்று.