‘இரு’ என்னும் முன்னொட்டு: துபாசி முதல் இருமொழித் திட்டம் வரை

இரண்டு என்னும் எண்ணுப்பெயர் மெய்முன் ‘இரு’ எனவும் உயிர்முன் ‘ஈர்’ எனவும் திரிந்து முன்னொட்டாய் நிற்பதை நாம் நன்கறிவோம். வகுப்பறையில் அதன் வடிவம் பேசப்படும் அளவுக்குப் பொருள் பேசப்படுவதில்லை. இருசுடர், இருவினை, இருபாலர் ஆகிய சொற்களில் எண்ணப்பட்ட இரண்டும் ஒருங்கே அடங்குகின்றன. தொல்காப்பிய மரபியல் காட்டும் ஈரறிவுயிர் இதனினும் தெளிவான சான்று. ஊற்றுணர்வோடு சுவையுணர்வும் பெற்ற உயிரே ஈரறிவுயிர். இரண்டாவது வந்தமையால் முதலாவது நீங்கிவிடவில்லை. ‘அல்லது’ என்ற பொருள் வேண்டுமிடத்துத் தமிழ் ‘ஓரிரு’, ‘இரண்டொரு’ என எண்ணையே இரட்டிக்கிறது.

மலாயில் ‘துவிபஹாசா’ என்பது இருமொழியைக் குறிக்கும். வடமொழித் ‘துவி’யும் ‘பாஷா’வும் அதில் வெளிப்படையாகத் தெரிகின்றன. அதே வேரினின்று வந்ததே நம் ‘துபாசி’. ஆங்கு எண் ‘து’ என்னும் ஓரெழுத்தாய் ஒடுங்கிக்கிடக்கிறது. டூப்ளேயிடம் துபாசியாக விளங்கிய ஆனந்தரங்கப் பிள்ளை போன்றோரிடம் இருமொழியும் ஒருவர் நாவிலேயே குடியிருந்தன.

பினாங்கு, ஜோர்ஜ் டவுன் மரபுடைமைப் பகுதியின் தெருப்பெயர்ப் பலகைகளிலும் இப்பொருள் பிழையாது நிற்கிறது. மலாய்ப் பெயரின்கீழ்ச் சீனம், தமிழ், ஆங்கிலம், அரபு ஆகியவற்றுள் ஒன்று இடம்பெறும். பலகைகளைத் தொகுத்து நோக்கின் பன்மொழி. ஒன்றை மட்டும் நோக்கின் இருமொழி. மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக இரண்டும் கண்ணெதிரே உள்ளன.

2016இல் மலேசியப் பள்ளிகளில் அறிமுகமான ‘இருமொழித் திட்டம்’ என்னும் பெயரை இவ்வளவைக்கு உட்படுத்தினால் இடர்ப்பாடு தோன்றுகிறது. அறிவியல், கணிதம் முதலிய பாடங்களை மலாயிலோ ஆங்கிலத்திலோ நடத்தலாம் என்பதே அதன் அடிப்படை. அஃதாவது, இங்கு ‘இரு’ என்பது தேர்வைக் குறிக்கிறது, சேர்க்கையை அன்று. தமிழ்ப்பள்ளியில் அத்திட்டத்தின்கீழ் இயங்கும் வகுப்பிலோ, அப்பாடங்களில் தமிழிருந்த இடத்தில் ஆங்கிலம் அமர்கிறது. எண்ணப்பட்ட இரண்டில் தமிழுக்கு இடமுண்டா என்பதைப் பெயர் சொல்வதில்லை. தமிழ், மலாய், ஆங்கிலம் மூன்றும் கற்பிக்கும் தமிழ்ப்பள்ளி முன்னரே மும்மொழிப் பள்ளி என்பதையும் ஈண்டு நினைவுகூர வேண்டும்.

ஆங்கிலவழிக் கற்றல் நன்றா தீதா என்பது வேறு வினா. அதில் கல்வியாளரிடையே கருத்து வேறுபாடு உண்டு. நம் குறை மொழிபெயர்ப்பைப் பற்றியதே. மூலப்பெயரைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தோர், தமிழில் ‘இரு’ தரும் கூட்டற்பொருளை எண்ணிப் பார்க்கவில்லை. திட்டத்திற்குப் பெற்றோரின் இசைவு தேவைப்பட்டது. ‘ஆங்கிலவழி அறிவியல், கணிதத் திட்டம்’ எனப் பெயர்த்திருப்பின், எதற்கு இசைகிறோம் என்பது அவர்களுக்குப் பெயரிலேயே விளங்கியிருக்கும்.