மந்திரி நின்ற கட்டத்தில் ராணி

காண்பவர் கண்ணுக்குச் சதுரங்கத்தைப் போல் அசைவு குறைந்த விளையாட்டு வேறில்லை. ஆகையால், பிரேம்சந்த் 1924-இல் எழுதிய சிறுகதையைச் சத்யஜித் ராய் 1977-இல் 'சத்ரஞ்ச் கே கிலாடி' என்ற திரைப்படமாக ஆக்க முற்பட்டபோது, ஏட்டில் ஒரே வாக்கியத்தில் அடங்கிவிடும் நெடுநேரச் சிந்தனையைத் திரையில் எவ்விதம் காட்சிக்குப் பின் காட்சியாகக் கோப்பது என்பதே அவரை முதலில் வருத்தியிருக்க வேண்டும்.

ராய் முகங்களைக் காட்டித் தொடங்கவில்லை. பலகையும் காய்களும் அவற்றை நகர்த்தும் கரங்களுமே முதலில் தோன்றுகின்றன. அவற்றைச் சேனாதிபதிகளின் கரங்களென வருணிக்கிறது அமிதாப் பச்சனின் குரல். அவத் ராஜ்யத்தை ஆங்கிலக் கம்பெனி கவர்ந்துகொண்ட 1856-இல் லக்னோவில் வாழும் மிர்ஸா, மீர் என்னும் இரு ஜாகீர்தார்களின் கரங்கள் அவை.

மூலக்கதையில் மிர்ஸாவின் மனைவி சினந்து ஆட்டத்தைக் கவிழ்த்துக் காய்களை வீசியெறிகிறாள். படத்திலோ காய்கள் களவு போகின்றன. நண்பர்கள் இருவரும் காய்கறிகளையும் பருப்புகளையும் கட்டங்களில் அடுக்கிவைத்துக்கொண்டு, எது யானை, எது குதிரை என்ற ஐயம் சிறிதுமின்றி ஆடத் தொடங்குகிறார்கள். ஆட்டக்காரனுக்கு ஆட்டம் மனத்திலே நடைபெறுகிறது என்னும் சூட்சுமத்தை இதைவிடப் பிரத்தியட்சமாக யாரும் காட்டியதாக எனக்கு நினைவில்லை. மனைவியின் அறைக்குச் சென்ற பின்னும் பலகையை விட்டு அகலாத மிர்ஸாவின் சித்தத்தை, சஞ்சீவ் குமார் வசனத்தின் துணையின்றிக் கண்களாலேயே உணர்த்துகிறார். மீராக வரும் சயீத் ஜாஃப்ரியின் துடிதுடிப்பு அதற்குத் தக்க எதிராட்டம்.

ராயின் மிகச் சிறந்த நகர்த்தல் இறுதியில் வருகிறது. கதையில் இருவரும் பாழடைந்த மசூதியில் வாளால் வெட்டிக்கொண்டு மடிகிறார்கள். படத்தில் மீரின் துப்பாக்கிக் குண்டு மிர்ஸாவின் சால்வையை மட்டும் உராய்ந்து செல்கிறது. இருவரும் பிழைத்து மறுபடி பலகையின் முன் அமர்கிறார்கள். மூலத்தின் முடிவில் கைவைத்தல் அபசாரம் என்றே நானும் முதன்முறை பார்த்தபோது எண்ணினேன். மறுமுறை பார்க்கையில்தான், படத்தின் நடுவே விருந்தினர் ஒருவர் ஆங்கிலேயரின் சதுரங்க விதிகளை, அதாவது மந்திரியின் ஸ்தானத்தில் ராணி நிற்பதையும், சிப்பாய் முதல் நகர்வில் இரண்டு கட்டம் பாய்வதையும், அதனால் ஆட்டம் விரைந்து முடிவதையும் சாவகாசமாக விளக்கிய காட்சி, பல நகர்வுகளுக்கு முன்பே வைக்கப்பட்ட காய் என்று விளங்கியது. கம்பெனியின் படை லக்னோவை நோக்கிச் சென்றாகிவிட்டது. நண்பர்கள் மறுபடி ஆட்டம் தொடங்குகிறார்கள், இம்முறை ஆங்கிலேயர் முறைப்படி; மந்திரி நின்ற கட்டத்தில் இப்போது ராணி நிற்கிறாள்.