பெட்டியை இழந்த தோட்டா

ரஷ்யத் தோட்டாக்களுக்குப் புதிய இறக்குமதி அனுமதி கிடையாது என்று 2021 செப்டம்பரில் அமெரிக்க அரசு கதவடைத்த பிறகு, கன் ஷோ எனப்படும் துப்பாக்கிச் சந்தைகளில் பழைய ராணுவ உபரித் தோட்டாக்களைத் தேடி வாங்கும் பழக்கத்துக்கு மறுபடியும் மவுசு கூடியிருக்கிறது. நாலாயிரத்துக்கும் மேற்பட்ட மேசைகளோடு டல்சாவில் கூடும் பெருஞ்சந்தையானாலும் சரி, சிற்றூர்த் திடலில் நடக்கும் வார இறுதிச் சந்தையானாலும் சரி, இந்தப் பழக்கத்துக்குச் சொல்லப்படும் நியாயம் ஒன்றுதான்: பல ஆண்டு தாங்க வேண்டுமென்றே ராணுவத்துக்காகச் செய்த சரக்கு இது, கெடாது. இந்த நியாயத்தை நான் வெகுகாலமாக மறுத்துவருகிறேன்.

நல்லதை முதலில் சொல்லிவிடலாம். மோசின்-நாகான்ட், லீ-என்ஃபீல்டு, மவுசர் போன்ற பழைய ரைஃபிள்கள் சாதாரண மனிதர் கையில் புழங்கியதே இந்த உபரிச் சரக்கால்தான். 440 தோட்டாக்களை அடைத்த, மூடி உடையாத தகர டப்பா ஒரு காலத்தில் நூறு டாலருக்கும் குறைவாகக் கிடைத்தது. கிரேக்கத்தில் செய்த எச்எக்ஸ்பி தோட்டாக்கள் தரத்தில் புதுச் சரக்குக்கு இளைத்தவை அல்ல. தோட்டாவின் மருந்தைப் பற்றவைக்கும் பழைய ப்ரைமர் துப்பாக்கிக் குழலை அரித்துவிடும் என்ற பயமும் மிகை. ப்ரைமரில் உள்ள பொட்டாசியம் குளோரேட் எரிந்த பிறகு குழலுக்குள் படிவது பொட்டாசியம் குளோரைடு, அதாவது ஒருவகை உப்பு. அது ஈரத்தை இழுத்து இரும்பைத் துருப்பிடிக்க வைக்கும். சுட்ட அன்றே வெந்நீர் விட்டுக் கழுவி, துடைத்து, எண்ணெய் போட்டால் தீர்ந்தது. ஆனால் உபரித் தோட்டா என்றாலே இந்தத் துருவைப் பற்றியே பேசிப் பேசி, உண்மையான குறை யார் கண்ணிலும் படாமல் போய்விட்டது.

அந்தக் குறை இது. டப்பாவைத் திறந்து, தோட்டாக்களைக் கொட்டி, பிளாஸ்டிக் பைகளில் எண்ணிப் போட்டு விற்கிறார்கள். அட்டையைக் கிழித்து உள்ளங்கையில் கொட்டிய மாத்திரைகளை யாரும் விழுங்க மாட்டார்கள். இங்கே மட்டும் அடிப்பகுதியில் பொறித்த ஆலைக் குறியையும் ஆண்டையும் பார்த்துவிட்டுப் பணத்தை நீட்டுகிறார்கள். அந்தப் பொறிப்பு சொல்வது தோட்டா எங்கே, எப்போது பிறந்தது என்பதை மட்டுமே. அதற்குப் பிறகு அது எந்தக் கிடங்கில், எந்த வெயிலில், எந்த ஈரத்தில் கிடந்தது என்பதை அது சொல்லாது.

ராணுவச் சரக்கின் நம்பகம் ஆலையோடு முடிகிற விஷயமல்ல. ஒவ்வொரு தொகுதிக்கும் லாட் எண் உண்டு. அமெரிக்க ராணுவம் வெடிமருந்தின் மாதிரிகளை லாட் வாரியாக எடுத்துவைத்து, 65.5 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் வைத்து, மருந்து சிதைவதைக் காட்டும் செம்புகை எப்போது கிளம்புகிறது என்று பார்த்துவந்தது. சீக்கிரம் கிளம்பினால் அந்த லாட்டைச் சேர்ந்த அத்தனையும் சந்தேகத்துக்குரியவை. தோட்டா கெடாது என்ற பெயரை வாங்கித் தந்தது இந்த ஓயாத கண்காணிப்பு. லாட் எண் இருந்த பெட்டியைத் தூக்கி எறிந்துவிட்டு, அந்தக் கண்காணிப்பு ஈட்டிய பெயரை மட்டும் பிளாஸ்டிக் பையின்மேல் ஒட்டுவது நேர்மையல்ல.

பெட்டி போனால் என்ன போகும் என்பதற்கு அல்பேனியாவைப் பார்க்கலாம். ஆப்கான் படைகளுக்குத் தோட்டா வழங்க 2007இல் அமெரிக்க அரசிடம் ஏறத்தாழ 30 கோடி டாலர் ஒப்பந்தம் பெற்ற மயாமியின் ஏஇஒய் நிறுவனம், பல பத்தாண்டுப் பழைய சீனத் தோட்டாக்களை அல்பேனியாவில் வாங்கியது. சீனச் சரக்குக்குத் தடை இருந்ததால் மரப்பெட்டிகளிலிருந்து எடுத்து அட்டைப் பெட்டிகளில் மாற்றி அனுப்பியது. 2008 மார்ச்சில் நியூயார்க் டைம்ஸ் இதை அம்பலப்படுத்தியது. நிறுவனத்தின் தலைவர் எஃப்ராயிம் டிவெரோலிக்கு 2011இல் நான்காண்டுச் சிறை. கொள்முதல் அலுவலகமும் ஆய்வாளர்களும் கொண்ட ஓர் அரசே பெட்டி மாறியதில் ஏமாந்தது. மேசைக்கு இந்தப் பக்கம் நிற்கும் தனிமனிதருக்கு என்ன பாதுகாப்பு இருக்கிறது?

கெட்ட தோட்டாவைக் கண்ணால் பார்த்துக் கண்டுபிடித்துவிடலாம் என்பார்கள். சில கேடுகளுக்கு அது பொருந்தும். வெள்ளையர் கால இந்தியாவில் மழைக்காலங்களில் குதிரை லாயங்களில் வைத்த தோட்டாக்களின் பித்தளைக் கழுத்து தானாகவே வெடித்துப் பிளந்தது. குதிரை மூத்திரத்திலிருந்து கிளம்பிய அம்மோனியா, அழுத்தத்தில் இருந்த பித்தளையைத் தின்றது என்ற காரணம் 1921இல்தான் தெளிவானது. அந்தப் பிளவாவது வெளியே தெரியும். உள்ளே இருக்கும் வெடிமருந்தான நைட்ரோசெல்லுலோஸ் கெடுவது தெரியாது. அதில் சேர்த்த நிலைநிறுத்தி தீர்ந்ததும் அமிலம் கசிந்து, உள்ளிருந்தே பித்தளையை அரிக்கும். பச்சைப் புள்ளி வெளியே முளைப்பதற்குள் வேலை முடிந்திருக்கும். விற்பவர் மெருகேற்றும் எந்திரத்தில் போட்டுப் பளபளப்பாக்கியிருந்தால் அந்தப் புள்ளியும் இருக்காது. பழைய தோட்டாவை மெருகேற்றி விற்பதை நான் மோசடி என்றே சொல்வேன். விற்பவருக்கு விவரம் தெரியாது என்ற சமாதானத்தை ஏற்க மாட்டேன். தெரியாதவர் இதை விற்கவே கூடாது.

ஐந்து சுட்டுப் பார்த்தேன், ஐந்தும் வெடித்தன என்பது அடுத்த வாதம். ஒரே லாட்டாக இருந்தால் அதற்குக் கொஞ்சம் மதிப்புண்டு. நாலைந்து டப்பாக்களின் மிச்சத்தைக் கலந்து கட்டிய பையில் ஆறாவது தோட்டாவைப் பற்றி அந்த ஐந்தும் ஒன்றும் சொல்லாது. ஆறாவது தாமதித்து வெடிக்கலாம். வெடிக்கவில்லை என்று எண்ணி, தோட்டாவை அடைத்துப் பூட்டும் போல்ட்டைத் திறந்தால், பூட்டு விலகிய நிலையில் பித்தளை கிழிந்து முகத்தில் அடிக்கும். அல்லது வலுவில்லாமல் வெடித்துக் குண்டு குழலுக்குள்ளேயே நின்றுவிடலாம். அதைக் கவனிக்காமல் அடுத்ததைச் சுட்டால் குழலே சிதறும். சுடுதளத்தில் இரண்டடி தள்ளிப் பக்கத்து மேசையில் இன்னொருவர் உட்கார்ந்திருப்பார். பையை மலிவாக வாங்கியவர் ஏற்றுக்கொண்ட ஆபத்தை அவர் ஏற்றுக்கொள்ளவில்லை. அவரைக் கேட்கவும் இல்லை.

மூடிய டப்பாவும் எங்கோ ஒரு கொட்டகையில் வெயிலில் வெந்திருக்கலாம். ஆனால் அதிலுள்ள 440 தோட்டாக்களும் ஒரே லாட், ஒன்றாகவே வெந்தவை. இரண்டு மூன்றின் குண்டைப் பிடுங்கி மருந்தைக் கொட்டி, புளித்த நெடி வருகிறதா, பழுப்புத் தூள் படிந்திருக்கிறதா என்று பார்த்தால் மற்றவற்றின் நிலையை ஓரளவு ஊகிக்கலாம். பிளாஸ்டிக் பையில் அந்த ஊகத்துக்கும் இடமில்லை. அதனால் அந்தப் பையைச் சுடுவதற்கென்று என்ன விலைக்கும் வாங்கக் கூடாது. பாதி விலைக்குத் தருகிறேன் என்று பின்னாலேயே வந்தாலும் கூடாது.