சாய்வுத் தட்டும் நான்கு மூலைகளும்

தொலைநோக்கியின் பின்புறத்தில் குளிரூட்டிய காமிராவைப் பொருத்தி வானத்தைப் படமெடுப்பவர்களில் பெரும்பாலோர், படத்தின் நடுவில் நட்சத்திரங்கள் வட்டமாய் விழுந்திருப்பதைக் கண்டு திருப்தியடைந்து, மூலைகளைப் பெரிதாக்கிப் பார்க்கும் துணிவு வரும்வரை நிம்மதியாகவே இருக்கிறார்கள். அந்தத் துணிவு வந்த பிறகு வாங்க நேரும் சாதனந்தான் இங்கே நாம் பரிசீலிக்க எடுத்துக்கொண்டிருக்கும் சாய்வுத் தட்டு: காமிராவுக்கு முன்னே மாட்டப்படுவதும், இழுக்கும் திருகொன்றும் தள்ளும் திருகொன்றுமாக மூன்று ஜோடிகள் உடையதுமான அலுமினிய வளையம். 80 மி.மீ. விட்டமும் எஃப்/6 விகிதமும் உடைய இரட்டை வில்லைத் தொலைநோக்கி, அதை எஃப்/4.8 ஆகக் குறைத்துக் கொடுக்கும் 0.8 மடங்கு ஃபிளாட்னர், சோனியின் ஐ.எம்.எக்ஸ். 571 சென்சார் கொண்ட காமிரா ஆகிய கோவையில் இதைப் பொருத்திப் பார்த்ததில் நான் கண்ட முடிவை முதலிலேயே கூறிவிடுகிறேன். தட்டு நல்ல தட்டுதான். ஆனால் அது தீர்க்கக்கூடிய நோய் எது, தீர்க்கமுடியாத நோய் எது என்று நிச்சயப்படுத்திக்கொள்ளாதவர் கையில் அது உபத்திரவத்தையே விளைவிக்கும்.

மூலை கெடுவதற்கு இயற்கையான காரணம் ஒன்று உண்டு. அதற்கு யாரையும் குறை கூறுவதற்கில்லை. வில்லை உருவாக்கும் பிம்பம் தட்டையான தளத்தில் விழுவதில்லை. இரட்டை வில்லையில் அது, குவியத் தூரத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை ஆரமாகக் கொண்டு, விளிம்புகள் வில்லையை நோக்கி வளைந்த பரப்பாக அமைகிறது. 480 மி.மீ. குவியத் தூரத்தையும், மூலைக்கு மூலை 28.3 மி.மீ. உள்ள சென்சாரையும் வைத்துக் கணக்கிட்டால், நடுவுக்கும் மூலைக்கும் இடையே குவியம் சுமார் 0.6 மி.மீ. விலகி நிற்கும், எஃப்/6 விகிதத்திலோ பிம்பம் கூர்மை குன்றாமல் இருக்கும் எல்லை மொத்தமே 0.1 மி.மீ.தான். 1840-இல் உருவப்படத்துக்கென வில்லை வகுத்த பெட்ஸ்வால் ஆராய்ந்து விதி வகுத்த இவ்வளைவோடு வானியலார் நெடுங்காலம் போராடாமல் சமாதானமாகவே போனார்கள். 1948-இல் பாலமார் மலையில் இயங்கத் தொடங்கிய 48 அங்குல ஷ்மிட் தொலைநோக்கியில் 14 அங்குலச் சதுரக் கண்ணாடித் தகடுகளையே உடையாதவாறு வளைத்துப் பொருத்திப் படமெடுத்தார்கள். 2009-இல் ஏவப்பட்ட கெப்ளர் விண்கலத்தில், வளைந்த தளத்தில் 42 சென்சார்களைப் பரப்பி, அவற்றின் மேல் நீலக்கல் வில்லைகளை வைத்தார்கள். ஒற்றைச் சிலிக்கன் தகட்டை வளைக்க வழியில்லாத நமக்கு, வளைந்த பிம்பத்தைத் தட்டையாக்கித் தரும் ஃபிளாட்னரே கதி.

ஃபிளாட்னரோ தன் கடைசிக் கண்ணாடிக்கோ மறைக்கோ பின்னால் இத்தனை மில்லிமீட்டரில்தான் சென்சார் இருக்கவேண்டும் என்று நிபந்தனை விதிக்கிறது. பெரும்பாலும் அது 55 மி.மீ. இந்தத் தூரத்தை அளப்பவர்கள் மறந்துவிடும் பொருள் ஃபில்டர். 3 மி.மீ. தடிப்புள்ள ஃபில்டர், கண்ணாடியின் ஒளிவிலகலால், குவியத்தைத் தடிப்பில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 1 மி.மீ. பின்னே தள்ளிவிடுமாகையால், 55 என்பது 56 ஆகவேண்டும். தூரம் பிசகினால் நான்கு மூலைகளும் ஒன்றுபோலவே கெடும். வழக்கமான ஃபிளாட்னர்களில் நட்சத்திரங்கள் நடுவை நோக்கி நீண்டிருந்தால் சென்சார் மிக நெருங்கி இருக்கிறதென்றும், நடுவைச் சுற்றிச் சுழல்வதுபோல் நீண்டிருந்தால் விலகி இருக்கிறதென்றும் கொள்ளலாம். இதற்கு மருந்து சாய்வுத் தட்டன்று; 0.1, 0.3, 0.5 மி.மீ. தடிப்புகளில் கிடைக்கும் ஷிம் வளையங்களே. சில ரூபாய்களில் தீரும் காரியத்துக்கு ஆயிரக்கணக்கில் செலவழிக்கத் துடிப்பவர்களை என்னவென்பது!

ஒரு பக்கத்து மூலைகள் மட்டும் கெட்டு, எதிர்ப்பக்கத்தவை நன்றாயிருக்கும்போதுதான் சாய்வைச் சந்தேகிக்க நியாயம் பிறக்கிறது. 0.1 பாகைச் சாய்வு கண்ணுக்குப் புலப்படாது. ஆயினும் அது இந்தச் சென்சாரின் ஒரு மூலைக்கும் எதிர்மூலைக்கும் இடையே 49 மைக்ரான் உயர வித்தியாசத்தை உண்டாக்கிவிடும். எஃப்/4.8-இல் எல்லை 62 மைக்ரானாதலால் இதை ஒருவாறு சகித்துக்கொள்ளலாம்; எஃப்/2 சாதனத்திலோ எல்லையே 11 மைக்ரானுக்குள் அடங்கிவிடுவதால் சகிப்பதற்கு இடமில்லை.

சாய்ந்திருப்பது சென்சாரா, தொலைநோக்கியின் ஃபோகஸரா என்பதை அறிய எளிய சோதனை ஒன்று இருக்கிறது. அதைச் செய்யாமல் திருகில் கை வைக்கலாகாது. உச்சிக்கு அருகே நட்சத்திரங்கள் நெருங்கிய பகுதியொன்றைப் படமெடுத்துவிட்டு, ஃபிளாட்னரை அசைக்காமல் காமிராவை மட்டும் 180 பாகை திருப்பி, மீண்டும் அதே பகுதியை எடுக்கவேண்டும். கெட்ட மூலை படத்தில் முன்னிருந்த இடத்திலேயே இருந்தால் குற்றம் காமிராவைச் சேர்ந்தது. எதிர்மூலைக்குத் தாவியிருந்தால் அதற்கு முன்னாலுள்ள உறுப்புகளைச் சேர்ந்தது. பிறகு வானத்தில் தாழ்ந்த இடமொன்றிலும் எடுத்துப் பார்த்து, சாய்வின் திசை மாறிவிடுகிறதென்று தெரிந்தால், ஃபோகஸர் தன் பாரத்தில் தொய்கிறதென்று பொருள். அதை எந்தத் தட்டும் நேர்செய்யாது.

இனித் தட்டைக் கையிலெடுப்போம். நான்கு திருகுகள் உள்ள தட்டுகளும் விற்கின்றன. நான்கு கால் நாற்காலி சற்றே பள்ளமான தரையில் தள்ளாடுவதையும் முக்காலி எங்கும் நிலையாக நிற்பதையும் அறிந்தவர்கள் மூன்று ஜோடியுள்ளதையே வாங்குவார்கள். திருகின் மறை 0.5 மி.மீ. இடைவெளி உடையதாயின், ஆலன் கீயை அரைக்கால் சுற்று திருப்பினால் அந்த இடத்தில் தட்டு 62 மைக்ரான் எழும்பும். திருகுகள் அமைந்த வட்டத்தின் விட்டம் 70 மி.மீ. என்று கொண்டால், மற்ற இரு திருகுகளையும் இணைக்கும் கோட்டை அச்சாகக் கொண்டு தட்டு சாய்வதால், சென்சாரின் மூலைக்கு மூலை உண்டாகும் மாற்றம் சுமார் 34 மைக்ரான்தான். அதாவது, கை சற்றுத் தாராளமாகத் திரும்பினாலும் கெட்ட மூலை நல்லதாகி நல்ல மூலை கெட்டுப்போகும். தள்ளும் திருகைத் தளர்த்தாமல் இழுக்கும் திருகை முறுக்கினால் ஒன்றும் அசையாது; அசையாததைக் கண்டு மேலும் முறுக்கினால் மறை போய்விடும். நடுப்பகுதியும் சிறிது உயர்வதால் ஒவ்வொரு திருத்தத்துக்குப் பின்னும் குவியத்தைப் புதிதாகச் சரிசெய்தே ஆகவேண்டும்.

நான் பெரிதும் நொந்துகொண்டது திருகுகள் இருந்த இடத்தைப் பற்றியே. காமிராவோடு வந்த தட்டில் அவை முன்முகத்தில் இருந்தன. அதன்மேல் ஃபில்டர் வீலை மாட்டியதும் முற்றிலும் மறைந்துபோயின. திருத்துவதற்கு ஒவ்வொரு முறையும் கோவை முழுவதையும் கழற்றி, திருகி, மாட்டி, மறுபடி படமெடுத்துப் பார்க்கவேண்டியிருந்தது. இவ்விதம் வடிவமைத்தவர் ஓரிரவேனும் அதை உபயோகித்துப் பார்த்திருப்பாரா என்ற ஐயம் எழாமலில்லை. பக்கவாட்டில் திருகுள்ள தட்டைத் தனியே வாங்கிய பின்புதான் வேலை ஒழுங்காக நடந்தது. ஆனால் அதன் தடிப்பைக் கணக்கிட்டு இடைவளையங்களில் கழித்துக்கொள்ளாவிட்டால் 55 மி.மீ. கணக்கு தவறும்.

அளவு சொல்லும் மென்பொருள்களில் இரண்டைப் பயன்படுத்தினேன். அஸ்டாப் ஒரே படத்தை வாங்கிக்கொண்டு, நட்சத்திரங்களின் பருமனை அளந்து, சாய்வு எவ்வளவு, விளிம்புக் கேடு எவ்வளவு என்று தனித்தனியே எண்களைத் தருகிறது. விரைவுக்கு அதற்கு நிகரில்லை. எனினும் ஒரு மூலை மங்கியிருக்கிறதென்று ஒற்றைப் படம் காட்டுமேயன்றி, அது குவியத்துக்கு முன்னால் இருக்கிறதா பின்னால் இருக்கிறதா என்பதை அதிலிருந்து அறிய வழியில்லை. படமெடுப்பை இயக்கும் நினா என்னும் மென்பொருளில் சேரும் ஹோகஸ் ஃபோகஸ் என்னும் துணைநிரல் ஃபோகஸரைப் படிப்படியாக நகர்த்தி, ஒவ்வொரு மூலையும் எந்த நிலையில் கூர்மையடைகிறதென்று தனித்தனியே காண்பதால், எந்தத் திருகை எத்திசையில் திருப்பவேண்டும் என்ற கேள்விக்கு விடை அதிலேயே கிடைக்கிறது. ஆயினும் காற்றின் சலனம் மிகுந்த இரவில் அதன் எண்களும் முறைக்கு முறை மாறுகின்றன. இருமுறை ஒத்த விடை வராதவரையில் திருகைத் தொடாதிருப்பதே உசிதம்.

எஃப்/5-க்கு மேற்பட்ட விகிதமும் சிறிய சென்சாரும் உடையவர்களுக்கு இத்தட்டு அவசியமென்று நான் நினைக்கவில்லை; ஷிம் வளையங்களும் சிறிது பொறுமையும் அவர்களுக்குப் போதும். 28 மி.மீ. அல்லது அதற்கும் பெரிய சென்சாரோடு எஃப்/4.8 அளவிலோ அதனினும் வேகமாகவோ படமெடுப்பவர்கள் தயங்காமல் வாங்கலாம். என் கோவையில் மேல் வலதுமூலை இன்னமும் ஒரு சிறு பிசகோடுதான் இருக்கிறது. காமிராவைத் திருப்பினால் அது இடம் மாறுகிறதாகையால் ஃபோகஸரின் பிசகே அது, தட்டை இனி அசைப்பதாக உத்தேசமில்லை.