அறவணர் கேட்ட வினா

மணிமேகலையைச் சமயப் பிரசார நூல் என்று ஒதுக்குவோர் உளர். அதன் வினைக்கொள்கையை வியந்து போற்றுவோரும் உளர். இருதிறத்தாரும் காணத் தவறுவது ஒன்றுண்டு. உயிர்விடத் துணிந்தோர் மூவரைச் சாத்தனார் தம் காப்பியத்தில் காட்டுகிறார். அம்மூவரையும் அறம் மூன்று வகையாக அணுகுகின்றது. எவ்வகை உயிரைக் காத்தது என்பது ஆராயத் தக்கது.

முதலாமவள் கோதமை. ஆறாம் காதையில் வருபவள். புகார்ச் சுடுகாட்டில் அஞ்சி ஓடிவந்து உயிர்விட்ட மகன் சார்ங்கலனைச் சுமந்து சென்று, சம்பாபதியிடம் முறையிடுகிறாள். தன் உயிரைக் கொண்டு மகன் உயிரைத் தந்தால், கண்ணில்லாத தன் கணவனை அவன் காப்பான் என்கிறாள். போன உயிர் வினைவழிச் செல்லும் என்றும், உயிருக்கு உயிர் ஈடாகுமெனில் அரசர்க்கு இத்துணைச் சமாதிகள் ஏது என்றும் தெய்வம் விடையிறுக்கிறது. வாதத்திற் குறையில்லை. கோதமையின் துயர் நீங்கியது என்றே புலவரும் கூறுகிறார். ஆயினும் மகனைச் சுடலையில் இட்டபின் அவளும் இறந்தாள் என்று கதை முடிகிறது. அவள் கவலையெல்லாம் கண்ணிழந்த கணவனைப் பற்றியது. அவனுக்கு யார் துணை என்று அங்கு எத்தெய்வமும் கேட்டிலது.

இரண்டாமவன் ஆபுத்திரன். அமுதசுரபியால் பசித்தோரை ஊட்டி வாழ்ந்தவன். நாடெங்கும் மழை பெய்து வளம் பெருகவே, உண்பார் இலராயினர். அவன் வாழ்வும் பொருளற்றதாயிற்று. சாவக நாட்டுக்குச் செல்லும் வழியில், மரக்கலம் அவனை மணிபல்லவத்தில் தனியே விட்டுச் சென்றது. பாத்திரத்தைக் கோமுகிப் பொய்கையில் விட்டு, உண்ணாநோன்பு பூண்டான். அவ்வேளை அங்கு வந்த அறவணவடிகள் அறிவுரை கூறவில்லை; அவனுக்கு நேர்ந்தது யாது என்று வினவினார். அவனும் தனக்கு நேர்ந்த அனைத்தையும் எடுத்துரைத்தான். தக்க வினாவே, ஆயின் உயிர் நீங்கும் வேளையில் எழுந்த வினா. மறுபிறப்பில் அவனை அரசனாக்கும் காப்பியம் இவ்விறப்பை இழப்பாகக் கருதவில்லை. இவ்விடத்தில் காப்பியத்தோடு உடன்படுதல் அரிது.

மூன்றாமவள் ஆதிரை. கணவன் சாதுவன் கடலில் மாண்டான் என்று கேட்டுத் தீயில் புகுந்தாள். தீ சுடாமையைக் கற்பின் பெருமை என்று போற்றுவோர் அடுத்த பகுதியைக் கருதுவதில்லை. தீயும் தன்னை ஏற்கவில்லையே என்று அவள் மேலும் வருந்தவே செய்தாள். அவளை எழுப்பியது அற்புதமன்று, சொல். சாதுவன் நாகர் நாட்டில் உயிரோடு உளன், சந்திரதத்தன் மரக்கலத்தில் மீள்வான் என்று அசரீரி கூறிற்று. கடிந்துரை இல்லை, வினைவிளக்கம் இல்லை, நாளையைப் பற்றிய செய்தி ஒன்றே உண்டு. அவள் எழுந்து இல்லம் சென்று அறம் செய்து வாழ்ந்தாள். ஆபுத்திரன் கைவிட்ட அதே பாத்திரத்தில், மணிமேகலைக்கு முதற் பிச்சை இட்டது இவ்வாதிரையின் கையே. உயிர் காக்கப்பட்டதன் பயனைச் சாத்தனார் இதனினும் தெளிவாகக் காட்டுதல் இயலாது.

இது பழங்கதை அளவில் நிற்பதன்று. 1953-ஆம் ஆண்டு இலண்டனில் சமாரிட்டன் இயக்கத்தைத் தொடங்கிய சாட் வாரா ஒரு கிறித்தவக் குருவே. எனினும், துயருற்று வருவோரிடம் தொண்டர் மதம் போதித்தலாகாது, கேட்டிருத்தலே கடன் என்பது அவ்வியக்கத்தின் நெறியாயிற்று. 1969-இல் சிங்கப்பூரிலும் 1970-இல் கோலாலம்பூரிலும் அத்தகைய அமைப்புகள் தோன்றின. தற்கொலைக்கு முயன்றோரைக் குற்றவாளியாகக் கருதிய சட்டப் பிரிவைச் சிங்கப்பூர் 2020-இலும் மலேசியா 2023-இலும் நீக்கின.

சட்டம் மாறியும் நாவு மாறாதிருப்பின் பயன் என்னை? துயருற்றோரிடம் 'எல்லாம் விதி' என்பாரும், 'உயிரை விடுதல் பாவம்' என்று அச்சுறுத்துவாரும் நல்லெண்ணம் உடையோரே. ஆயின் கோதமைக்குக் கிடைத்த விடையையே அவர்கள் மீண்டும் தருகின்றனர். மருத்துவரிடம் அழைத்துச் செல்லவும், அருகிருந்து காக்கவும் முதலில் நேர்ந்தது யாதென்று தெரிதல் வேண்டும். தத்துவத்திற்குரிய வேளை பின்னர் வரும். அறவணர் கேட்ட வினாவைக் காலம் தாழ்த்தாது கேட்பதே சமயத்தார்க்கு முதற்கடன் ஆகும்.