மகுடமும் மன்றமும்: நார்த்தாமலைச் சான்றுகளின் வழி நிக்கோலஸ் டர்க்ஸின் புதுக்கோட்டை ஆய்வு – ஒரு மதிப்பீடு

ஆய்வுச் சுருக்கம்

நிக்கோலஸ் டர்க்ஸ் 1987இல் வெளியிட்ட 'தி ஹாலோ கிரவுன்' என்னும் நூல், புதுக்கோட்டைத் தனியரசை முன்வைத்துச் சாதி, நிலம், அரசுரிமை ஆகியவற்றின் உறவை விளக்குகிறது. அந்நூலின் வாதத்தை நார்த்தாமலைக் கல்வெட்டுச் சான்றுகளோடு பொருத்தி இக்கட்டுரை மதிப்பிடுகிறது. பழைய நிறுவனங்கள் அறுபடாத தொடர்ச்சியாக இன்றைய அரசியலுக்குள் வருவதில்லை. இடையில் நிகழ்ந்த மறுவரைவுகளின் வழியாகவே வந்து சேர்கின்றன என்பது இதன் முடிபு.

திறவுச்சொற்கள்: நார்த்தாமலை, நகரம், பாடிகாவல், இனாம், முத்தரையர், தொண்டைமான்

முன்னுரை

கடந்தகால நிறுவனங்கள் நிகழ்கால அரசியலை வடிவமைக்கின்றன என்னும் கருத்து சமூக அறிவியலில் வலுப்பெற்றுள்ளது. வட இத்தாலிய வட்டார அரசுகளின் செயல்திறனுக்கு இடைக்கால நகரக் குடியாட்சிகளின் மரபே அடிப்படை என ராபர்ட் புட்னம் 1993இல் வாதிட்டார். ஆங்கிலேயர் வகுத்த ஜமீன்தாரி, ரயத்துவாரி முறைகளின் விளைவுகள் விடுதலைக்குப் பின்னரும் தொடர்ந்தன என்பதை அபிஜித் பானர்ஜியும் லட்சுமி ஐயரும் 2005இல் காட்டினர். எனினும், அவ்வாய்வு ஆங்கிலேயரின் நேரடி ஆட்சிப் பகுதிகளையே அடிப்படையாகக் கொண்டது. 1948 மார்ச்சில் சென்னை மாகாணத்தோடு இணையும்வரை தொண்டைமான்களின் ஆளுகையில் இருந்த புதுக்கோட்டை அவ்வரம்புக்குள் வாராது. இவ்விடைவெளியை நிரப்பும் நூலாக டர்க்ஸின் ஆய்வு அமைகிறது.

நூலின் வாதம்

தூய்மை, தீட்டு என்னும் சமயக் கருத்தாக்கத்தின்மீது சாதி அமைப்பு நிற்கிறது என்பது லூயி துய்மோன் கொண்ட நிலைப்பாடு. டர்க்ஸ் அதனை மறுக்கிறார். அரசன் வழங்கிய இனாம் நிலம், பட்டம், விருது, கோயில் மரியாதை ஆகியவையே சாதிகளின் வரிசைமுறையை ஒழுங்கமைத்தன என்பது அவர் வாதம். ஆங்கிலேயர் மேலாண்மையின்கீழ் அரசனின் அதிகாரம் நீங்கிச் சடங்கு மட்டும் எஞ்சியது; மகுடம் வெறுமையாயிற்று. சாதியை அரசியல் வரலாற்றின் விளைபொருளாகக் காட்டியது இந்நூலின் நிலைத்த பங்களிப்பாகும். ஆயினும், அரசனையே ஊற்றுக்கண்ணாகக் கொள்ளும் அதன் நோக்கு, அரசனுக்குப் புறத்தே இயங்கிய நிறுவனங்களைப் போதிய அளவு எடைபோடவில்லை.

நகரத்தார் மலை

நகரத்தார்மலை என்பதே நார்த்தாமலை என மருவியது என்பது பரவலாக ஏற்கப்பட்ட கருத்து. 'நகரம்' என்பது வணிகரின் மன்றத்தைக் குறிக்கும். சோழர் காலத்தில் தெலிங்ககுலகாலபுரம் என வழங்கிய இவ்வூர், திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்னும் வணிகக் குழுவோடு தொடர்புடையது. இங்குள்ள 'பதினெண்பூமி விண்ணகரம்' என்னும் பெயரும் அக்குழுவினரின் சொல்வழக்கை நினைவூட்டுகிறது. கோயில்களுக்குரிய நிலம் தொடர்பான நடவடிக்கைகளில் நகரத்தார் ஒரு குழுவாகச் செயல்பட்டமையைக் கல்வெட்டுகள் காட்டுகின்றன.

இம்மன்றத்திலிருந்து இன்றைய கிராம சபைக்கு நேர்கோடு வரைய இயலாது. 14, 15ஆம் நூற்றாண்டுகளில் இப்பகுதி ஊராரும் நாட்டாரும் பாதுகாப்பு வேண்டிப் படைவலிமை மிக்க தலைவர்களுக்குப் பாடிகாவல் உரிமையை வழங்கினர். அதற்கு ஈடாக விளைச்சலில் பங்கும் அளித்தனர். டர்க்ஸ் இச்சான்றுகளைச் சிற்றரசுகளின் தோற்றுவாயாக வாசிக்கிறார். அதே சான்றுகளை மன்றங்களின் தேய்வாகவும் வாசிக்க இடமுண்டு. அதிகாரம் மேலிருந்து கீழே பகிரப்பட்டதற்கு முன்பே, கீழிருந்து மேலே கையளிக்கப்பட்டிருக்கிறது. அரசுரிமையை ஊற்றுக்கண்ணாக மட்டும் கொண்டால் இப்பகுதி வரலாற்றின் முதற்பாதி மறைந்துவிடும்.

1888: உரிமைகளின் மறுவரைவு

தனியரசின் சாகுபடி நிலத்தில் பெரும்பகுதி இனாமாக இருந்தது. ஏ. சேஷையா சாஸ்திரி திவானாக இருந்தபோது, 1888இல் இனாம் தீர்வை மேற்கொள்ளப்பட்டது. படைப் பணி உள்ளிட்ட பணிகளுக்கு ஈடாக விடப்பட்டிருந்த நிலங்கள் அப்பணிகளிலிருந்து விடுவிக்கப்பட்டு, வரி செலுத்தும் உடைமைகளாயின. நிலத்துக்கும் பணிக்கும் இருந்த பிணைப்பு அறுந்தது. பரிவட்டமும் முதல் மரியாதையும் மட்டும் தீர்வைக்குள் அடங்காமல் எஞ்சின. பொருள் அடிப்படையை இழந்த மரியாதை, சாதிப் பெருமிதத்தின் அடையாளமாக இறுகியது. டர்க்ஸின் 'வெறுமை' என்னும் கருத்தாக்கம் இவ்விடத்தில் திருத்தம் பெற வேண்டும். மகுடம் வெறுமையானபோதும் மரியாதை வெறுமையாகவில்லை. அது அரசனிடமிருந்து பிரிந்து ஊரின் ஆதிக்கச் சாதிகளிடம் தங்கியது.

1902இல் அமைந்த பிரதிநிதிகள் சபையும் 1924இல் அமைந்த சட்டமன்றமும் அரசு தோற்றுவித்த அமைப்புகள். பழைய நகரத்தின் நினைவு அவற்றில் செயல்படவில்லை.

இன்றைய அரசியலின் தேர்வு

மேலமலையிலுள்ள கற்றளி இன்று விசயாலய சோழீச்சரம் என வழங்கப்படுகிறது. ஆயின், சாத்தன் பூதி என்னும் இளங்கோவதியரையன் இக்கற்றளியை எடுப்பித்ததையும், மழையால் சிதைந்த அதனை மல்லன் விடுமன் புதுப்பித்ததையும் அங்குள்ள கல்வெட்டு குறிக்கிறது. அருகிலுள்ள பழியிலி ஈச்சரம் பல்லவன் நிருபதுங்கன் காலத்தில் முத்தரையர் மகன் சாத்தன் பழியிலி குடைவித்தது. அதன் மண்டபத்தை அமைத்தவள் அவன் மகள் பழியிலி சிறிய நங்கை. இக்கோயில்கள் சோழருக்கு உரியனவா, முத்தரையருக்கு உரியனவா என்னும் வினா கல்வெட்டியலைக் கடந்து அரசியல் களத்தை எட்டியுள்ளது. பெரும்பிடுகு முத்தரையரின் சதய விழா ஆண்டுதோறும் மே 23 அன்று திருச்சிராப்பள்ளியில் அரசு சார்பில் கொண்டாடப்படுகிறது. நார்த்தாமலையின் நகரத்தார் மன்றத்துக்கு இத்தகைய நினைவேந்தல் இல்லை. வம்சத்தின் பெயரைச் சாதியின் பெயரோடு இணைத்து வாக்கு வலிமையாக்க இயலும். மன்றத்தின் நடைமுறையை அவ்வாறு ஆக்க இயலாது. எனவே எந்த மரபு நிலைக்கும் என்பதை அம்மரபின் வலிமை மட்டும் முடிவு செய்வதில்லை. அதைக் கோருவோரின் இன்றைய தேவையும் முடிவு செய்கிறது.

எஞ்சிய மரியாதையின் மறுபக்கம் விலக்கல். நார்த்தாமலை அமைந்துள்ள அன்னவாசல் ஒன்றியத்தைச் சேர்ந்த வேங்கைவயலில், 2022 டிசம்பரில், பட்டியல் சாதி மக்களின் குடிநீர்த் தொட்டியில் மனிதக் கழிவு கலக்கப்பட்டிருந்தது தெரியவந்தது. ஆய்வுக்குச் சென்ற மாவட்ட ஆட்சியர், இறையூர் அய்யனார் கோயிலில் அம்மக்களுக்கு நுழைவு மறுக்கப்பட்டதை அறிந்து அவர்களை உள்ளே அழைத்துச் சென்றார். மரியாதை பெறுவோரின் நிலையிலிருந்து பெரிதும் எழுதப்பட்ட ஒரு கோட்பாடு, வாயிலில் நிறுத்தப்பட்டோரின் அரசியலை முழுமையாக விளக்காது.

முடிவுரை

பழைய நிறுவனம் இன்றைய அரசியலைத் தானே உருவாக்குவதில்லை என்பதற்கு நார்த்தாமலை சான்றாகிறது. பாடிகாவல் மன்றத்தைக் கரைத்தது. இனாம் தீர்வை நிலத்தைப் பணியிலிருந்து பிரித்தது. தேர்தல் அரசியல் எஞ்சியவற்றுள் வம்சப் பெயரைத் தேர்ந்தது. டர்க்ஸின் நூல் இவற்றுள் இரண்டாம் கட்டத்தை ஆழமாக விளக்குகிறது. முதலாவதை முன்கதையாகச் சுருக்குகிறது. மூன்றாவது அதன் மையப் பொருளன்று. தொடர்ச்சியைத் தேடும் ஆய்வுகள் மறுவரைவின் ஒவ்வொரு கட்டத்திலும் எது கைவிடப்பட்டது, யாரால், யாருடைய நலனுக்காக என்று வினவுதல் வேண்டும். அவ்வினா எழாதவிடத்துக் கல்வெட்டு வரலாற்றுச் சான்றாக நில்லாது, உரிமைப் பத்திரமாகிவிடும்.